முப்பதாவது பேரு

ஆடி பிறந்துவிட்டால் போதும், கம்பம் பள்ளத்தாக்கில் காற்றுக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். அனுமந்தன்பட்டித் தெருவில் கொடியில் போட்ட துணியைச் சாயங்காலம் பக்கத்து வீட்டு முருங்கையில்தான் போய்த் தேடணும். ஊரெல்லாம் இப்படிக் காற்று கொட்டிக் கிடக்க, மதலேனாளுக்கு மட்டும் நெஞ்சுக்குள் இழுக்க ஒரு வாய்க் காற்று இல்லை என்றால், அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

பத்தொன்பது வருசமாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். விடிகாலை ஐந்தரைக்குச் சர்ச் முக்கில் ஜீப் நிற்கும். பத்துப் பேர் உட்காருகிற வண்டியில் பதினேழு பேரை அடைத்து, கம்பம்மெட்டு வளைவெல்லாம் ஏறி, கேரளா எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்குவார்கள். அப்புறம் சாரலில் சாக்குக் கொங்காணியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, ஏலச்செடியில் தூரு தூராகக் குத்தவைத்து நகர்ந்து காய் எடுக்கணும். அட்டைப்பூச்சி எத்தனை ஏறினது என்று சாயங்காலம் குளிக்கும்போதுதான் தெரியும். மத்தியானம் தூக்குவாளிச் சோறு சில்லிட்டுக் கிடக்கும். மொச்சைக் குழம்பை ஊற்றிப் பிசைந்து நாலு வாய் தின்றுவிட்டு, காவல்காரச் சேட்டன் பாலில்லாமல் போட்டுத் தருகிற கட்டஞ்சாயாவை ஊதி ஊதிக் குடிப்பாள். இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போனதுதான். பூச்சிமருந்துதான் பழகவில்லை. ஏலத்துக்கு மாசம் தவறாமல் மருந்தடிப்பார்கள். ஈரம் காயுமுன்னே ஆளை உள்ளே விடுவார்கள். போன தை மாசம் தூருக்கு நடுவிலேயே மூச்சு அடைத்து அவள் குப்புற விழுந்தாள்.

உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து ஒன்றைக் கொடுத்து, இனி மருந்து வாடைப் பக்கம் போனால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். சொல்வதற்கு அவளுக்கென்ன? இந்தப் பள்ளத்தாக்கில் மருந்து வாடை இல்லாத கூலி வேலை எது? மதலேனாளின் புருஷன் இமானுவேல் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறான். அங்கே அடிக்கிற மருந்து ஏலத்தையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஐந்து மாசம் வீட்டில் இருந்து பார்த்தாள். அடுப்பு எரியணுமே. ஆனியில் மறுபடியும் ஜீப் ஏறிவிட்டாள்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிவில் சாமியார் ஓர் அறிவிப்பு வாசித்தார். தேனியில் நோயாளிகளைப் பராமரிக்கிற பயிற்சி, அரசாங்கமே நடத்துகிறது, ஆறு மாசம். கட்டணம் கிடையாது, பஸ்ஸுக்கும் காசு தருவார்கள், முடித்ததும் ஆஸ்பத்திரியில் வேலை. எட்டாவது படித்திருக்கணும், நாற்பது வயசுக்குள் இருக்கணும், அவ்வளவுதான். மதலேனாள் எட்டாவது பாஸ், வயசு முப்பத்தேழு. மாதாவே சாமியார் வாயில் உட்கார்ந்து தன்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பெஞ்சிலேயே அழுதுவிட்டாள்.

விண்ணப்பம் என்றால் ஊரில் போகிற இடம் ஒன்றுதான், சங்கிலியம்மாளுடைய தொழிலாளர் துணை மையம். சங்கிலியம்மாளும் ஒரு காலத்தில் இதே ஜீப்பில் மதலேனாளுக்குப் பக்கத்தில் இடிபட்டு வந்தவள்தான். மதலேனாளைவிடப் பத்து வயசு மூத்தவள். வளைவில் வாந்தி வந்தால் மதலேனாளின் மடியில்தான் தலையை வைப்பாள். ஆள் ஏற்றிவிடுகிற ஏஜெண்டோடு ஒரு நாள் சண்டை போட்டு, நடுவழியில் இறங்கி நடந்தே ஊர் வந்தாள். அதோடு தோட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஃபாரம் நிரப்பக் கற்றுக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு கடையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, நல்லது நிறையச் செய்தாள். ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதா, நலவாரிய அட்டை புதுப்பிப்பதா, நின்றுபோன முதியோர் பணமா, எல்லாம் அவள்தான். மதலேனாளின் மாமியார் சாகிற வரைக்கும் மாசாமாசம் பணம் வாங்கினாள் என்றால் அது சங்கிலியம்மாளின் புண்ணியம். காலணா கை நீட்டி வாங்க மாட்டாள். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பாள்.

அந்தச் சங்கிலியம்மாள், மறுநாள் சாயங்காலம் மதலேனாள் போய்க் கேட்டபோது, கம்ப்யூட்டரை விட்டு முகத்தை எடுக்காமலே, அந்தச் சீட்டெல்லாம் முடிந்துவிட்டது, அடுத்த வருசம் பார்ப்போம் என்றாள். மதலேனாள் நம்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இமானுவேல்தான் நம்பவில்லை. நேற்றுத்தானே அறிவிப்பே வாசித்தார்கள், ஒரு ராத்திரியில் எப்படித் தீரும், ஒரு எட்டு தேனிக்குப் போய்க் கேட்டுவிட்டு வா என்றான். வியாழக்கிழமை வேலைக்குப் போகாமல், துவைத்து மடித்த சேலையைக் கட்டிக்கொண்டு அவள் தேனிக்கு பஸ் ஏறினாள்.

பயிற்சி அலுவலகத்தில் சீட்டு இன்னும் ஒன்பது இருந்தது. மதலேனாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கிருந்த அம்மா ஆதார் நம்பரைத் தட்டினாள். தட்டிவிட்டு ஒரு தடவை மதலேனாளை ஏற இறங்கப் பார்த்தாள். திரையை இவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நீங்க ஏற்கெனவே தையல் பயிற்சி முடிச்சுட்டீங்களேம்மா. மூணு வருசமா திருப்பூர்ல ஒரு கம்பெனியில வேலை பாக்கிறதா இருக்கே."

திரையில் மதலேனாளின் போட்டோ இருந்தது. பக்கத்தில் முப்பது பேர் கொண்ட ஒரு பட்டியல். முப்பதாவது பேர் அவளுடையது.

இந்த இடத்தில் ஏலத்தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடணும். இல்லாவிட்டால் இந்தப் பொம்பளைகளை மடச்சிகள் என்று நினைத்துவிடுவீர்கள். எஸ்டேட்டில் பேர் பதிந்தவளுக்கு ஒரு நாள் காய்ச்சல், ஒரு வீட்டில் விசேஷம் என்றால், அவள் பேருக்கு வேறொருத்தி போவாள். ஜீப்பில் கூட வருகிற மொக்கம்மாளுக்கு முடியவில்லை என்றால், சூப்பர்வைசர் "மொக்கம்மா" என்று கூப்பிடும்போது மதலேனாள் "ஆமா" என்பாள். கூலி போனவளுக்கு, வருகை பேருக்காரிக்கு. வருகை விடாமல் இருந்தால்தான் தீபாவளிக்குப் போனஸ். சூப்பர்வைசருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும், காய் கூடைக்கு வந்தால் சரி என்று இருந்துவிடுவார்கள். பேரைக் கொடுப்பது அங்கே ஓர் ஒத்தாசை, உப்புக் கடன் கொடுக்கிற மாதிரி. கொடுத்த பேர் மறுநாள் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும்.

மூன்று வருசத்துக்கு முன்னால் சங்கிலியம்மாள் ஜீப் முக்குக்கு வந்து கேட்டதும் அப்படித்தான். மதுரையிலிருந்து ஒரு கம்பெனி இலவசத் தையல் வகுப்பு நடத்த வருகிறது, முப்பது பேர் இருந்தால்தான் வகுப்பு, ஊரில் பதினோரு பிள்ளைகள்தான் தேறுகிறது, மிச்சத்துக்கு நீங்கள் பேர் கொடுத்தால் அந்தப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும் என்றாள். ரெண்டு ஜீப்பிலும் சேர்த்துப் பத்தொன்பது பேர் கொடுத்தார்கள். ரெண்டு மாசம், தினமும் ஜீப் ஏறுவதற்கு முன்னால் மையத்துக்குப் போய் மிஷினில் விரலை வைத்துவிட்டு ஓடிவருவார்கள். கடைசி நாள் சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து, திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் நின்றார்கள். பதினோரு பிள்ளைகள் நிஜமாகவே ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொண்டது. மதலேனாளும் அதில் ஒரு பிள்ளையிடம்தான் துணி கொடுத்து வாங்குகிறாள்.

"விரல் நீங்கதான் வச்சீங்களா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"நான்தான் வச்சேன்."

"போகாத வகுப்புக்கு எதுக்கும்மா வச்சீங்க?"

 ஏலத்தோட்டத்து வழக்கத்தை ஏசி அறையில் எப்படிச் சொல்வது? அந்த அம்மா கெட்டவள் இல்லை. பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னாள். இந்தப் பதிவு நிற்கிற வரைக்கும் வேறு பயிற்சி கிடையாது. சம்பள வேலையில் இருப்பதாகக் காட்டுவதால் நலவாரிய உதவியும் வராது, விதவைப் பணம் மாதிரி எது கேட்டாலும் தள்ளிவிடும். எழுதிக் கொடுத்தால் விசாரிப்பார்கள், நாலு மாசம் ஆகும். அதற்குள் இங்கே சீட்டு நிரம்பிவிடும்.

மதலேனாள் வெளியே வந்து படியில் உட்கார்ந்து மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அனுசுயா படியேறி வந்தாள். சங்கிலியம்மாளின் மருமகள். கல்யாணமாகி வந்து ஆறு வருசம் ஆகிறது, சூதுவாது தெரியாத பிள்ளை.

"சின்னத்தே, நீங்களும் சேரப் போறீகளா? அத்த சொல்லவே இல்லையே. நான் போன வாரமே எழுதிக் குடுத்துட்டேன்."

"நல்லாரு ஆத்தா" என்றாள் மதலேனாள். அப்புறம் கேட்டாள். "அந்தத் தையல் வகுப்புக்கு நீ பேரு குடுக்கலயா?"

"நான் கேட்டேன் சின்னத்தே. அத்ததான் விடல. பின்னால நல்லதா ஒண்ணு வரும், இதுல பேரு ஏறிட்டா அது கெடைக்காது, நீ சும்மா இருன்னு சொல்லிட்டாக."

 மதலேனாளுக்குச் சீட்டு போனதுகூடப் பெரிசாகத் தெரியவில்லை. ஜீப் முக்கில் நின்று பத்தொன்பது வீட்டுப் பேரைக் கேட்டு வாங்கியவள் தன் வீட்டுப் பேரை மட்டும் தாண்டிப் போயிருக்கிறாள். மடியில் தலை வைத்துப் படுத்தவள்.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மையத்துக்குப் போனாள். காத்திருந்த ரெண்டு கிழவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, சங்கிலியம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மதலேனாள் உட்காரவில்லை.

"அனுசுயாவப் பாத்தேன்" என்றாள்.

சங்கிலியம்மாள் மேஜையில் கிடந்த ஃபாரங்களை அடுக்கினாள். பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்திருப்பாள். சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் சரி.

"ஆமாடி, எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாங்குனேன். அந்த முப்பது பேரக் காட்டித்தான் இந்தக் கடைக்கு வாடகை வருது. இந்தக் கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாம் மதுரைக்காரங்க அதுக்குத்தான் குடுத்தாக. இது இல்லன்னா ஒன் மாமியாளுக்குப் பணம் வந்துருக்குமா? ஊருல நாப்பது பேரு இன்னைக்கிப் பணம் வாங்குறாக. நானா தின்னேன்?"

"நீ தின்னேன்னு நான் சொல்லலயே யக்கா. சொல்லிட்டு வாங்கிருக்கலாம்ல."

"சொன்னாக் குடுத்துருப்பியா?"

மதலேனாள் நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னாள்.

"குடுத்துருப்பேன். அனுசுயா பேரும் அதுல இருந்துருந்தா, குடுத்துருப்பேன்."

சங்கிலியம்மாளுக்கு முகம் செத்துப்போனது. எழுந்து கதவைச் சாத்தினாள். காற்று கதவைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தி, ஒரு வழி இருக்கு என்றாள். கைரேகை ஆள் மாறி ஏறிவிட்டது என்று மதுரைக் கம்பெனிக்காரன் ஒரு கடிதம் ஏற்றினால் மதலேனாள் பேர் ரெண்டே நாளில் வெளியே வந்துவிடும், பயிற்சிக்கு விண்ணப்பத்தையும் இங்கிருந்தே ஏற்றிவிடலாம். ஆனால் எண்ணிக்கை முப்பது குறையக் கூடாது. அந்த இடத்துக்கு இன்னொரு பேர் வேணும்.

"யாரு பேரு?"

"மொக்கம்மா. அப்ப அவ புருஷன மதுரை ஆஸ்பத்திரில வச்சுப் பாத்துக்கிட்டுக் கெடந்தா, அதான் அவ பேரு அதுல இல்ல. நான் போய்க் கேட்டா ஏன் எதுக்குன்னு நூறு கேப்பா. நீ கேட்டாக் குடுத்துருவா."

"யக்கா, அவளுக்கு விதவப் பணத்துக்கு எழுதிப் போட்டதே நீதான்."

"எழுதிப் போட்டதெல்லாம் வந்துருதாக்கும்" என்றாள் சங்கிலியம்மாள்.

மதலேனாள் அப்போதே காறித் துப்பியிருக்கணும். அந்த மேஜையைக் கவிழ்த்துப் போட்டிருந்தாலும் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் வெள்ளைச் சேலை கட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பதுபோல நாலு நாளாகக் கண்டுகொண்டிருந்த கனவு வாயைக் கட்டிப்போட்டது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இந்த ஒரு வார்த்தைக்காகத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல அவளுக்கு ஆகப்போகிறது.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் விசயத்தைப் பொதுவாக எடுத்துவிட்டாள். அந்தப் பட்டியலில் நம் பேரெல்லாம் மாட்டிக்கிடக்கிறது, எல்லாரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் விசாரிப்பார்கள், கையெழுத்துப் போடுங்கள் என்றாள். கம்பம்மெட்டுக்குப் போகிற வண்டி கூடலூர்ப் பக்கம் திரும்புகிற மாதிரி பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒருத்திக்கு மகனுடைய கல்வி உதவி சங்கிலியம்மாளின் மேஜையில் கிடக்கிறது. இன்னொருத்திக்கு வீடு கட்டுகிற மானியம். இன்னொருத்தி, நாம் விரல் வைத்ததும் தப்புத்தானே, போலீஸ் வந்தால் யார் போவது என்றாள். மையத்தை மூடிவிட்டால் நாளைக்கு நமக்கு யார் இருக்கா என்று ஒருத்தி கேட்டாள். பத்தொன்பது வருசம் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தவர்கள் அன்றைக்கு ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

மொக்கம்மாள் மட்டும் மதலேனாளின் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காமல், "விடாத்தா, எல்லாம் நல்லபடியா முடியும்" என்றாள். நாற்பத்துமூன்று வயசு, பிள்ளை குட்டி கிடையாது, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அரிசி வாங்க விதவைப் பணம் வந்துவிடும் என்று எட்டு மாசமாகத் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அப்படிப் பிடித்ததும் மதலேனாளுக்குக் கையை எடுத்துக்கொள்ளத்தான் தோன்றியது. எடுக்கவில்லை.

சனிக்கிழமை தோட்டத்தில் முந்தின நாள் மருந்தடித்திருந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் மதலேனாளுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. மொக்கம்மாள் ஓடிவந்து முதுகை நீவினாள், சேட்டனிடம் சுடுதண்ணி வாங்கி வந்து கொடுத்தாள். நீ இங்கனயே சாஞ்சு கெட என்று சொல்லிவிட்டு, தன் வரிசையையும் எடுத்து, மதலேனாளின் வரிசையையும் எடுத்தாள். சாரல் பெய்துகொண்டே இருந்தது. மரத்தடியில் கிடந்தபடி மதலேனாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் கொடுத்துவிடுவாள் என்று நினைப்பு ஓடியது. எப்படியும் அந்தப் பணம் வரப்போகிறதா என்ன என்றும் ஓடியது. அது சங்கிலியம்மாள் சொன்ன அதே வார்த்தை என்று தெரிந்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. மூச்சு முட்டிச் செத்தாலும் இதை மட்டும் செய்யக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினாள். ராத்திரி இமானுவேலிடமும் சொல்லிவிட்டாள். அவன், சரி, வேற வழி பாப்போம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மொக்கம்மாள் வீட்டுக்குப் போனாள். சங்கிலியம்மாள் வந்து என்ன சொல்லிக் கேட்டாலும் விரலை வைத்துவிடாதே என்று எச்சரித்துவிட்டு வரணும், அவ்வளவுதான். மனசு லேசாகத்தான் இருந்தது. மொக்கம்மாள் அடுப்பில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இவளைப் பார்த்ததும் பலகையைத் தள்ளிப் போட்டுவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"வந்துட்டியா? நீயா வந்து சொல்லணும்னுதான் நானும் வாயத் தொறக்காம இருந்தேன். சீட்டு வந்துருச்சா?"

"என்ன மதினி சொல்ற?"

"போ ஆத்தா, எங்கிட்ட என்ன ஒளிவுமறைவு. வியாழக்கெழம பொழுது சாய சங்கிலி மிஷினத் தூக்கிட்டு இங்கனயே வந்துட்டா. ஒன் பேர அதுல இருந்து எடுக்க ஒரு வெரலு வேணும், நீதான் எங்கிட்டக் கேக்கச் சொல்லி அனுப்புனேன்னு சொன்னா. ஒங்கிட்டப் பேச்செடுக்க வேணாம், நீ கூச்சப்படுவேன்னா. அதான் ரெண்டு நாளா கம்முனு வந்தேன்."

மதலேனாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை பொழுது சாய என்றால், யோசிச்சுச் சொல்றேன் என்று இவள் படியிறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஜீப்பில் கையைப் பிடித்தபோதும், மழையில் ரெண்டு வரிசை காய் எடுத்தபோதும், இந்த மனுசி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் இருந்திருக்கிறாள்.

"எதுக்கு, என்னான்னு ஒரு வார்த்த கேட்டியா மதினி?"

"சங்கிலிக்குன்னா கேட்டுருப்பேன். நீ கேட்டேன்னு சொன்னா. அப்புறம் என்னத்தக் கேக்குறது?"

பூசையில் இருக்கும்போது இடுப்புப் பையில் போன் ஒரு தடவை சத்தம் போட்டிருந்தது. இப்போது எடுத்துப் பார்த்தாள். பராமரிப்புப் பயிற்சிக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், திங்கள் காலை ஒன்பது மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் வரவும் என்று தமிழிலேயே வந்திருந்தது. எழுத்துக் கூட்டாமல் ஒரே தடவையில் படித்துவிட்டாள்.

சொல்லிவிடணும். ஒன் பேரு இப்ப முப்பதாவதா அங்க கெடக்கு மதினி, நீ திருப்பூர்ல சம்பளம் வாங்குறதா எழுதிருக்காக, ஒனக்கு அந்தப் பணம் இனிமே வராது, வா இப்பவே போய் எழுதிக் குடுப்போம் என்று சொல்லிவிடணும்.  சொன்னால் இந்தச் சீட்டும் போகும், நாளைக்கு விடியாமல் ஜீப் ஏறணும்.

மொக்கம்மாள் ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பில் நெத்திலியாகப் பார்த்துப் பார்த்து அள்ளி ஊற்றினாள். தட்டை மதலேனாளின் கையில் கொடுத்தாள்.

"சாப்புடு மொதல்ல. வகுப்பு என்னைக்கி ஆரம்பிக்கிறாக?"

மதலேனாள் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கி, மதினி" என்றாள்.